பதில்: பொருளை நகர்த்தினால் அடையாளம் தொலைந்துபோகிறது

பொருளின் அடியில் ஒட்டிய அச்சுக் குறியைக் கேமரா வழியே அடையாளம் காணும் ரியாக்டிவிஷன் மென்பொருளை வைத்து ஊடாடும் மேசை செய்திருக்கிறீர்கள். பொருள் அசையாமல் இருந்தால் குறியின் எண் சரியாக வருகிறது, வேகமாக இழுத்தால் காணாமல் போகிறது என்கிறீர்கள். நிரலைக் கிளறும் முன் கேமராவைப் பாருங்கள்.

அமீபா எனப்படும் அந்தக் கறுப்பு வெள்ளைக் குறிகளை மென்பொருள் படமாக ஒப்பிடுவதில்லை. கறுப்புக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் கறுப்பு என எது எதற்குள் இருக்கிறது என்ற கிளை அமைப்பைத்தான் படிக்கிறது. அதனால் குறி சுழன்றாலும் கொஞ்சம் நெளிந்தாலும் பிரச்சினையில்லை. ஆனால் நகரும்போது படம் மங்கி, உள்ளே ஒரே ஒரு சின்னப் புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிவிட்டால் போதும், அமைப்பே மாறிவிடும்.

தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். குறைந்த வெளிச்சத்தை கெயினில் (கேமரா சமிக்ஞையைப் பெருக்கும் அமைப்பில்) ஈடுகட்டாதீர்கள், படம் பொரிப்பொரியாகிவிடும். கேமராவுக்கு வெளிச்சம் தரும் அகச்சிவப்பு எல்இடிகளைக் கூட்டுவதுதான் சரி. கறுப்பு வெள்ளையாக்கிய படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு குறியை இழுத்துப் பாருங்கள், எங்கே ஒட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

குறிகளை இங்க்ஜெட்டில் அச்சடித்தீர்களா? சில மைகள் அகச்சிவப்பில் வெளிறிப்போகும், கேமராவுக்கு வெறும் தாள்தான் தெரியும். லேசர் டோனரில் கார்பன் இருப்பதால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

அப்புறம், குறி ஒரு கணம் விட்டுப்போய்த் திரும்பினால் டியுஐஓ (ரியாக்டிவிஷன் உங்கள் நிரலுக்குச் செய்தி அனுப்பும் நெறிமுறை) புது அமர்வு எண், அதாவது அந்தத் தோற்றத்துக்கு மட்டுமான தற்காலிக எண், கொடுக்கும், குறியின் எண் மாறாது. உங்கள் நிரல் பொருளைக் குறி எண்ணை வைத்தே பிடிக்கட்டும். 'நீக்கு' செய்தி வந்ததும் அழிக்காமல் அரை நொடி பொறுக்கட்டும்.