5 கிலோவாட் சோலார் போட எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: மதுரையில் சொந்த வீடு, நான்கு பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈ.பி. பில்லில் சராசரியாக 900 யூனிட் ஓடுகிறது, 5,900 ரூபாய் வரை கட்டுகிறோம். சோலார் கம்பெனிக்காரர் 5 கிலோவாட் போடச் சொல்கிறார், 3 லட்சம் ரூபாய் கேட்கிறார். கையில் 3.5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. கணவரின் 11 வருடப் பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கவும் எண்ணம். நிலக்கரி, பெட்ரோல் இரண்டையும் குறைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. எதை முதலில் செய்வது?

பதில்: எஃப்.டி. முழுவதையும் உடைக்க வேண்டாம், 5 கிலோவாட்டும் வேண்டாம். முதலில் ஃபேன், பிறகு 2 கிலோவாட் சோலார், அதன் பிறகு ஸ்கூட்டர். இந்த வரிசையை மாற்றினால் உங்கள் பணம் வீணாகும். ஏன் என்பது ஈ.பி. கட்டண அமைப்பிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக விலை ஏறுகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலையும் கைவிட்டுப் போய்விடும். உங்கள் 900-வது யூனிட்டின் விலை 10 ரூபாய்க்கு மேல்; 300-வது யூனிட்டின் விலை அதில் பாதிகூட இல்லை. எனவே மேலே இருக்கும் யூனிட்டுகளை வெட்டும்போதுதான் பணம் மிஞ்சும். அதை மிகக் குறைந்த செலவில் செய்வது சிக்கனக் கருவிகள்தான்.

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 28 முதல் 32 வாட் போதும். ஐந்து ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 160 யூனிட் குறையும், அதாவது சுமார் 1,600 ரூபாய். ஐந்து ஃபேனுக்கும் 15,000 ரூபாய் ஆகும் என்று வையுங்கள். மழை, குளிர் மாதங்களில் ஃபேன் குறைவாக ஓடுவதைக் கழித்தாலும் இரண்டு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். இதற்கு இணையாக எந்த எஃப்.டி.யும் தராது. மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான பி.எல்.டி.சி. ஃபேன்களுக்கு அது ஆகாது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு சீக்கிரம் கெட்டுப்போகும்.

ஏ.சி.யை 22-லிருந்து 26 டிகிரிக்கு ஏற்றி, கூடவே அந்த ஃபேனை ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் 6% வரை மிச்சம் என்பது எரிசக்தி சிக்கனப் பணியகத்தின் கணக்கு. பழைய ட்யூப்லைட் ஏதாவது மிச்சம் இருந்தால் எல்.இ.டி.க்கு மாற்றுங்கள். இவையெல்லாம் சேர்ந்து உங்களை 700 யூனிட்டுக்குக் கொண்டுவரும். பில் 3,900 ரூபாய் அளவில் நிற்கும்.

இனி சோலார். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட், ஆண்டு சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. லைனில் வரும் யூனிட், போகும் யூனிட் இரண்டையும் எண்ணும் நெட் மீட்டரில் அது உங்கள் உபயோகத்திலிருந்து கழியும். 700 யூனிட்டில் முதல் கிலோவாட் கழிக்கும் 240 யூனிட்டின் மதிப்பு ஏறத்தாழ 2,350 ரூபாய். இரண்டாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது 1,200. மூன்றாவது வெறும் 350-க்குள்தான், ஏனென்றால் அது கழிப்பதில் பாதி, ஏற்கெனவே இலவசமாக வரும் யூனிட். நான்காவதும் ஐந்தாவதும் உங்கள் பில்லில் எதையும் குறைக்காது. மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும், அதை ஒரு வருமானமாக எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஈ.பி. லைனைப் பயன்படுத்துவதற்காக சோலார் உற்பத்திக்கு விதிக்கும் நெட்வொர்க் கட்டணம் உங்கள் இணைப்புக்கு எவ்வளவு என்பதையும் ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டு இதில் கழித்துக்கொள்ளுங்கள்.

பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000-தான். உங்களிடம் 5 கிலோவாட்டை விற்க வந்தவர் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவரிடமே கேளுங்கள்.

2 கிலோவாட் 1,30,000 ரூபாய்க்குக் கிடைத்தால், மானியம் 60,000 போக உங்கள் பணம் 70,000. ஆண்டுக்கு 20,000 ரூபாய் மிச்சம், மூன்றரை வருடத்தில் முதல் திரும்பும். 5 கிலோவாட்டில் உங்கள் பணம் 2,22,000. கூடுதலாகப் போடும் ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் அளவில்தான் பலன். அந்தப் பணம் எஃப்.டி.யிலேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் கூரையில் இருக்கும் பேனலை உடைத்து எடுக்க முடியாது.

மானியம் பின்னால்தான் வரும். பேனல் ஏறி, நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழு 1,30,000-மும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். ஈ.பி. இணைப்பு மாமனார் பெயரில், வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் என்று இருந்தால் அங்கேயே சிக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். மானியத்துக்கு இந்தியாவிலேயே செய்த செல் உள்ள பேனல்தான் செல்லும், டி.சி.ஆர். பேனல் என்பார்கள். விலை குறைவு என்று வேறு பேனலைத் தலையில் கட்டினால் மானியம் கிடையாது. கொட்டேஷனில் பேனல், பேனலின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி. மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் இரண்டின் மாடல் எண்களையும் எழுதி வாங்குங்கள்.

2 கிலோவாட்டுக்கு நான்கு பேனல், 200 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தெற்கு பார்த்து, மதுரைக்கு 10 டிகிரி சாய்வு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலையில் ஒரு பேனல் மேல் விழுந்தாலும் வரிசையாக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் இறங்கும். காலை 9, மாலை 4 மணிக்கு மாடியில் நின்று பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். மொட்டை மாடியில் துணி காய வைக்க உயரமான ஸ்டாண்ட் கேட்டால் தனிக் காசு, அதையும் முதலிலேயே கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். பேனலின் டி.சி. பக்கம், இன்வெர்ட்டரின் ஏ.சி. மின்சாரப் பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும். இந்தச் செலவைத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள், பிறகு இடி விழுந்தால் இன்வெர்ட்டர் போய்விடும். இன்வெர்ட்டரை எப்படியும் 10 வருடத்துக்குள் ஒருமுறை மாற்ற நேரலாம், மாதம் 250 ரூபாய் அதற்கென்று ஒதுக்குங்கள். கரண்ட் போனால் பேட்டரி இல்லாத இந்த சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த பாதுகாப்பு அது, பழுதல்ல.

நிலக்கரி பற்றிக் கேட்டதால் ஒன்று. பகலில் உங்கள் கூரை தந்ததை இரவில் கழிப்பது கணக்கில்தான். இரவு ஓடும் ஏ.சி.க்கான மின்சாரத்தில் பெரும்பங்கு அனல் நிலையங்களிலிருந்தே வருகிறது. ஆகவே இரவில் குறையும் ஒவ்வொரு யூனிட்டும் நேராக நிலக்கரியைக் குறைக்கிறது. ஃபேனை முதலில் வைத்ததற்கு இதுவும் காரணம். பழைய ஏ.சி. கெடும்போது ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்குங்கள், லேபிளில் 1,600 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும் எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஸ்கூட்டரை எப்படியும் மாற்றியே ஆக வேண்டிய வயது என்பதால் எலெக்ட்ரிக் வாங்குவது சரி. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு 2,200 ரூபாய் போகும். எலெக்ட்ரிக்குக்குச் சார்ஜ் செய்யும் இழப்பையும் சேர்த்து 38 யூனிட்: சோலார் போட்ட பிறகு 200 ரூபாய்க்குள், போடாவிட்டால் 350-க்கு மேல். கம்பெனி சொல்லும் தூரத்தில் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லாமல் சார்ஜ் போட வேண்டாம். கடன் என்றால் மூன்று வருடத்துக்குள் முடியும்படி எடுங்கள், மாதத்துக்கு மிஞ்சும் 2,000-ஐ அப்படியே தவணையில் போடலாம். ஸ்கூட்டரோடு இண்டக்‌ஷன் அடுப்பும் வருவது உறுதியானால் மட்டும் 2-க்குப் பதில் 3 கிலோவாட் கேளுங்கள்.