ஆப்பிள் தேடுபொறி வரும் என்று நம்பிக் கல்யாணப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: வணக்கங்க. காங்கேயம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். கொப்பரை விலை நன்றாக இருந்தபோது சேர்த்த 9 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் சின்ன மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் மூத்த மாப்பிள்ளை, "ஆப்பிள் கம்பெனி சொந்தமாகத் தேடுபொறி கொண்டுவந்தே ஆக வேண்டும், வந்தால் பங்கு இரண்டு மடங்காகும், மொத்தமாகப் போட்டுருங்க மாமா" என்கிறார். போடலாமுங்களா?

பதில்: வணக்கங்க. இந்த 9 லட்சத்தை அதில் போட வேண்டாம். மாப்பிள்ளை உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சொல்லும் காரணமே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐபோனில் இணையம் பார்க்க ஆப்பிள் தரும் சஃபாரி செயலியைத் திறந்து 'காங்கேயம் கொப்பரை விலை' என்று அடித்துப் பாருங்கள். வருவது கூகுள் பக்கம். அந்த இடத்தில் தானே இருக்க வேண்டும் என்பதற்காக கூகுள் ஆப்பிளுக்குப் பணம் கொடுக்கிறது. 2022இல் மட்டும் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று கூகுள் மீதான அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியானது. நம் கணக்கில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சஃபாரி வழியாக நடக்கும் தேடலில் கூகுளுக்கு வரும் விளம்பர வருமானத்தில் 36 சதவீதம் ஆப்பிளுக்குப் போகிறது என்பதும் அதே வழக்கில்தான் தெரிந்தது. ஆப்பிள் இதற்காகத் தேடுபொறி எதையும் கட்டி நடத்துவதில்லை. செலவு முழுக்க கூகுளுடையது.

தோப்பைக் குத்தகைக்கு விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெரியப்பா ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருந்தார். குத்தகைக்காரர் வந்து காய் இறக்கி எண்ணிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். "அவன் சம்பாதிப்பதை நாமே சம்பாதிக்கலாமே" என்று ஒரு வருடம் குத்தகையை நிறுத்திவிட்டு, கடன் வாங்கிச் சொந்தமாக உலர்களம் போட்டார். பாதி காய்ந்த கொப்பரை களத்தில் கிடக்கும்போது ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் தார்ப்பாயை இழுத்து மூடினோம். மூன்றாம் நாள் திறந்தபோது பருப்பின் உள்பக்கமெல்லாம் கறுப்புப் பூசணம். காய் அவருடையதுதான், அதில் குறை ஒன்றும் இல்லை. களத்து வேலை பழகாத வேலை. குத்தகைப் பணமும் அந்த வருடம் வரவில்லை.

ஆப்பிளுக்கும் இதே கணக்குத்தான். சொந்தத் தேடுபொறி வந்த அன்றே குத்தகைப் பணம் நிற்கும் அல்லது பெரிதாகக் குறையும். புதுச் செலவு அன்றைக்கே ஆரம்பிக்கும். சேவைப் பிரிவின் தலைவர் எடி கியூ, 2024 டிசம்பரில் நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்திலேயே தங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டார். பல நூறு கோடி டாலர் செலவாகும், பல வருடம் பிடிக்கும், ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வேகமாக மாறும் நேரத்தில் அது ஆபத்தான முதலீடு என்றார். அதோடு, தேடுபொறி ஓட வேண்டுமென்றால் ஆளைக் குறிவைத்து விளம்பரம் விற்க வேண்டியிருக்கும் என்றும் அவரே சொன்னார். 'உங்கள் தகவலை நாங்கள் விற்பதில்லை' என்று சொல்லி போன் விற்கும் கம்பெனிக்கு அது தன் பெயரையே கெடுத்துக்கொள்ளும் வேலை. மைக்ரோசாஃப்ட்டிடம் இல்லாத பணமா? 2009இல் பிங் என்ற தேடுபொறியைக் கொண்டுவந்தது. இன்றும் உலகத் தேடலில் பத்தில் ஒன்பது பங்கு கூகுளிடம்தான் இருக்கிறது.

சரி, மாப்பிள்ளை பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அதே வழக்கில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். குத்தகையே ரத்தாகும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 'எனக்கு மட்டும்' என்ற ஒப்பந்தத்தைத்தான் தடுத்தது. பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு: சஃபாரியில் தேடுவது 2025 ஏப்ரலில் முதல்முறையாகக் குறைந்தது என்று அதே எடி கியூ சாட்சி சொன்னார். அவர் அதைச் சொன்ன அன்று கூகுளின் தாய் நிறுவனப் பங்கு 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மக்கள் ஏஐயிடம் கேட்கப் பழகிவிட்டால் குத்தகை தானாகத் தேயும். அதற்குப் பழைய மாதிரித் தேடுபொறி ஒன்றைக் கட்டுவது மருந்தாகாது. ஐபோனில் பேசினால் பதில் சொல்லும் 'சிரி'யை ஒழுங்காகப் பதில் சொல்ல வைப்பதில் அந்தப் பணத்தைப் போடுவதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இனி உங்கள் பணம். இரண்டு வருடத்தில் கல்யாணம் என்றால் ஒற்றைப் பங்கு, அதுவும் டாலரில், கூடவே கூடாது. நல்ல கம்பெனிப் பங்கும் ஒரே வருடத்தில் கால்பங்கு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். முகூர்த்தம் அதற்காகக் காத்திருக்காது. வரியும் உண்டு: 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும், அதற்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். இதையெல்லாம் விட, விவசாய வருமானம் மட்டும் என்பதால் நீங்கள் இதுவரை வருமான வரி ரிட்டர்ன் போடாமல் இருந்திருக்கலாம். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று உங்கள் பெயரில் இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். காட்டாமல் விட்டால் பின்னால் சிக்கல்.

9 லட்சத்தை மூன்று வங்கிகளில் பிரித்து வைப்புநிதியாகப் போடுங்கள். ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. ஒன்றரை வருடத்தில் முதிரும்படி ஒரு பகுதி இருக்கட்டும், மண்டப முன்பணத்துக்கும் நகைக்கும் உதவும். மீதி கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் கைக்கு வரட்டும்.

ஆப்பிள் மேல் மாப்பிள்ளைக்கு நம்பிக்கை இருந்தால் அவர் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் போடட்டும், அவருக்கு வயதும் காலமும் இருக்கிறது. ஏற்கெனவே அமெரிக்கப் பங்கு வைத்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வைத்திருந்தால், வருடா வருடம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏ பகுதியில் அதைக் காட்டுகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.