கேளுங்கள், சொல்கிறோம்: ஜி.ஆர்.ஈ.க்கு எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, பட்டமும் முடித்துவிட்டேன். அமெரிக்காவில் முதுமாணி படிக்க ஜி.ஆர்.ஈ. அனுமதிப் பரீட்சை எழுதவேண்டும். ஒன்றுவிட்ட அண்ணா 2019இல் வாங்கிய புத்தகத்தைத் தந்திருக்கிறார். அது காணுமா, கொழும்பு ஒன்லைன் வகுப்பொன்றுக்குக் காசு கட்டவா?
- வாசகி, உவர்மலை

பதில்: காசு கட்ட அவசரப்படாதீர்கள். முதலில் நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் துறைகள் ஜி.ஆர்.ஈ. கேட்கின்றனவா என்று பாருங்கள். கேட்காத துறைகளும் நிறைய உண்டு. கேட்டால், பரீட்சையை நடத்தும் ஈ.டி.எஸ். தளத்தில் கணக்கொன்று திறவுங்கள். ‘பவர்பிரெப்’ மாதிரிப் பரீட்சை இரண்டு இலவசம். ஒன்றை எதுவும் படிக்காமலே நேரம் வைத்து எழுதுங்கள். மற்றதைப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்வரை திறக்கவேண்டாம். கண்ட கேள்வியைத் திரும்பச் செய்து எடுக்கும் புள்ளி பொய்ப் புள்ளி.

அண்ணாவின் புத்தகம் உதவும். 2023 செப்டெம்பரில் பரீட்சை 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கியது. ஆனால் கேள்வி வகைகளும் வேகமும் அப்படியேதான்: கணக்கொன்றுக்கு 1¾ நிமிடம், ஆங்கிலக் கேள்விக்கு 1½. முன்பு 20 கேள்விப் பகுதிகள். இப்போது முதற் பகுதியில் 12, இரண்டாவதில் 15. ஆகவே புத்தகத்தில் 12 கணக்கை எண்ணி, 21 நிமிடம் வைத்துச் செய்யுங்கள். பிறர் வாதமொன்றை விமர்சித்து எழுதும் ‘ஆர்கியுமென்ட்’ கட்டுரை நீக்கப்பட்டுவிட்டது, அந்த அதிகாரத்தை விடலாம். வகுப்பை உரசிப் பார்க்கவும் இதுவே போதும்: இன்னும் ஆர்கியுமென்ட் கற்பிக்கும் வகுப்பு பழைய நோட்ஸில்தான் ஓடுகிறது.

கணிதப் பிரிவுக்காரர் சறுக்குவது கடினமான கணக்கில் அல்ல, ஒப்பீட்டுக் கேள்வியில். ஒருபக்கம் x, மறுபக்கம் x². எது பெரிது? 2ஐப் போட்டால் x² பெரிது. கை உடனே அதை அமுக்கும். ½ஐப் போட்டால் x பெரிது. எனவே ‘தீர்மானிக்க முடியாது’ என்பதே விடை. 0, 1, பின்னம், மறை எண் நான்கையும் போட்டுப் பார்க்காமல் விடை தெரிவு செய்யாதீர்கள். பிழைத்தவற்றுக்கு ஒரு கொப்பி வையுங்கள்: விடையை அல்ல, ஏன் பிழைத்தது என்பதை எழுத. கணிதத்துக்கு ஈ.டி.எஸ். இலவசமாகத் தரும் மீட்டல் கையேடும் அந்தக் கொப்பியும் உங்களுக்குக் காணும். ஆங்கிலத்தில் புள்ளி விழுந்தால் மட்டும் வகுப்பை யோசியுங்கள், அதுவும் சொற்பட்டியலைப் பாடமாக்கவைக்கும் வகுப்பு வேண்டாம். மூன்று இடைவெளி நிரப்பும் கேள்வியில் இரண்டு சரி, ஒன்று பிழை என்றால் புள்ளி பூச்சியம். வசனம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிக்கத் தெரியவேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்தே எழுதலாமா?
- வாசகர், நிலாவெளி

பதில்: எழுதலாம். டெப்லெட், போன் சரிவராது, கணினி வேண்டும். அறையில் தனியாக, கதவை மூடி இருக்கவேண்டும். ஹெட்செட் கூடாது. சாதாரணத் தாளில் கணக்குப் போடவும் விடமாட்டார்கள்: சிறிய வெண்பலகை, அல்லது ஒளி ஊடுருவும் கவருக்குள் வைத்த ஒற்றைத் தாள், அழிபடும் மார்க்கர். மாதிரிப் பரீட்சையையும் அப்படியே எழுதிப் பழகுங்கள், பலகை ஐந்தாம் கணக்கிலேயே நிரம்பிவிடும். கரண்ட் போனால் மடிக்கணினி தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கும் ஒரு பெற்றரி பாருங்கள். பதியும்போது கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள்.

கேள்வி: புள்ளி குறைந்தால்?
- வாசகி, கிண்ணியா

பதில்: 21 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து தடவை வரை. விண்ணப்ப முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி முதல் திகதியைப் போடுங்கள். உத்தியோகபூர்வப் புள்ளி வெளிவரவே 8 முதல் 10 நாள் எடுக்கும்.