தினமும் சாவையும் சண்டையையும் பார்க்கும் பொலிஸாருக்கு மனம் மரத்துப்போய்விடுமா?

மரத்துப்போவதில்லை. இந்தக் கேள்விக்கு முன்பே பதில் எழுதிய ஒருவர் "அவர்களுக்கு மனம் என்று ஒன்று இருந்தால்தானே மரத்துப்போக" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் வன்னியில் பெண் பொலிஸ் கான்ஸ்டபிளாகக் கடமையில் இருக்கிறேன். எந்த நிலையம் என்று எழுத மாட்டேன். பிறந்த ஊரும் வன்னிதான். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், வட்டுவாகல் பாலம் கடந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டகைக்குள் இருந்து படித்தவள் நான். துரோகி என்று எழுத விரும்புகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு எழுதட்டும்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாரோ, அநேகமாகத் தங்கை, பொலிஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்திருக்கும், வீட்டில் அம்மா அழுதுகொண்டிருப்பார், ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அதனால் அந்தத் தங்கைக்குச் சொல்வதாகவே எழுதுகிறேன்.

சடலத்தைப் பார்க்கும் பயம் போய்விடும். தொடக்கத்தில் சோறு இறங்காது, தூக்கம் வராது, அதெல்லாம் உண்மை. ஆனால் சடலம் கிடக்கும் இடத்தில் செய்ய ஏராளமான வேலை இருக்கிறது. சனத்தை விலக்க வேண்டும், திடீர் மரண விசாரணை அதிகாரி வரும்வரை காவல் நிற்க வேண்டும், தூரம் அளக்க வேண்டும், இறந்தவரின் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எழுத வேண்டும், பிரேத பரிசோதனைக்கு வைத்தியசாலைக்குக் கூடப் போக வேண்டும். அந்த வேலையே உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். காணியில் வெடிபொருள் கிடக்கிறது என்று தகவல் வந்தாலும் அப்படித்தான். நீதிமன்ற உத்தரவு எடுத்து, விசேட அதிரடிப்படையினர் வந்து செயலிழக்கச் செய்யும்வரை வெயிலில் அந்த இடத்தைச் சுற்றி நிற்பதுதான் எங்கள் வேலை. அதற்கும் உடம்பு பழகிவிடும்.

உயிரோடு இருப்பவர்களின் முகத்துக்கு மட்டும் எத்தனை வருடம் போனாலும் பழக முடியாது.

முறைப்பாடு எழுதும் மேசையில் ஒரு கிழமை இருந்து பார்த்தால் தெரியும். கசிப்புக் குடித்துவிட்டு வந்து அடித்தான் என்று திங்கட்கிழமை ஒரு பெண் வருவாள். அவள் சொல்வதை நான் எழுதுவேன். வயலில் இருந்து நேரே வந்திருப்பாள், நகத்துக்குள் சேறு காய்ந்திருக்கும், கையெழுத்துப் போடும்போது சிறிது காகிதத்தில் உதிரும். அதே கிழமை புதனோ வியாழனோ திரும்பி வந்து, "மிஸ், சமாதானமாகப் போகிறோம், வெட்டிவிடுங்கள்" என்பாள். பின்னால் வாசலில் அவன் நிற்பான். வெட்டிவிட முடியாது, இன்னொரு வாக்குமூலம் எழுத வேண்டும் என்று சொல்லி அதையும் நான்தான் எழுதுவேன். அடுத்த முறை அவள் வரும்போது என்ன கோலத்தில் வருவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

தமிழில் சொன்னதைத் தமிழில் எழுத வேண்டும் என்பது வடக்கு மக்களின் உரிமை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழிதான். ஆனால் அதை எழுதத் தெரிந்த, அதிலும் பெண்ணாக இருக்கும் ஆட்கள் நிலையத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இரவுக் கடமை முடிந்து படுத்திருந்தாலும் "நங்கி (தங்கச்சி), ஒரு அம்மா வந்திருக்கிறார்" என்று கதவைத் தட்டுவார்கள். கோபமாக வரும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கோபம் இருந்த இடம் தெரியாது.

என்னை மிகவும் உலுக்கியதைச் சொல்கிறேன். அந்த வீட்டை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகச் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் புதைக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அந்தச் செய்தி வந்த பிறகு முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் எந்த வீட்டுப் படலையில் சீருடையைக் கண்டாலும் சனம் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடும். பிள்ளையை, கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தை எல்லோரும் அறிவார்கள். பந்தலுக்கு வராமல் வீட்டிலேயே காத்திருப்பவர்களை யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் பெரும்போக விதைப்புக் காலத்தில், மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 வீதியில், இரவு மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதி விழுந்தான். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. கைத்தொலைபேசி நொறுங்கிக் கிடந்தது. பையில் அடையாள அட்டை, சம்பளப் பணம், முறிகண்டிப் பிள்ளையார் திருநீறு மடித்த காகிதம். ஹாண்டிலில் கச்சான் கடலைப் பொதி ஒன்று தொங்கியது, அதையும் பொருட்பட்டியலில் எழுதினேன். விடிந்ததும் வீட்டுக்கு அறிவிக்க என்னையும் சார்ஜன்ட் ஒருவரையும் அனுப்பினார்கள். சார்ஜன்ட் சிங்களவர், நல்ல மனிதர், தமிழ் விளங்காது.

கிரவல் வீதியால் உள்ளே போய் வீட்டைப் பிடித்தோம். தாய் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். பயந்து ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. தேடும் தாய்மார் எல்லோரிடமும் இருக்கும் அதே கோப்புத்தான். செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவுத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஆணைக்குழுக்களில் இருந்து வந்த கடிதங்கள், காணாமல்போனோர் அலுவலகத்தின் கடிதம், ஓரம் மஞ்சளித்த ஒரு கடவுச்சீட்டுப் படம். வட்டுவாகலில் தன் கையாலேயே இராணுவத்திடம் கையளித்த மூத்த மகனின் படம்.

"பிள்ளை, கிடைத்துவிட்டானா? உயிரோடா, எலும்பாகவா? எலும்பென்றாலும் சொல்லு, நான் தாங்குவேன்."

நான் போனது இளைய மகனுக்காக.

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் கேட்டார். சிங்களத்தில் ஒரு சொல்லும் எனக்கு வாயில் வரவில்லை. அவர் அந்தப் படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பக்கத்து வளவுக்குப் போய் ஒரு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதுவரை அந்தத் தாய் ஒவ்வொரு கடிதமாக எடுத்து என்னிடம் தந்தார். ஒவ்வொன்றையும் கடைசி வரிவரை வாசித்தேன். இடையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கடைசிக் கடிதமும் முடிந்த பிறகு, "அம்மா, நாங்கள் இளையவரைப் பற்றிச் சொல்ல வந்தோம்" என்றேன்.

"இளையவனா? அவன் வேலைக்கல்லவா போயிருக்கிறான்?"

பிறகு கடிதங்களை எல்லாம் பழையபடி அடுக்கினார். கோப்பை நூலால் கட்டினார். உள்ளே போய்ப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் வெளியே வந்து திண்ணையில் இருந்து, "சொல்லு" என்றார். சொன்னேன்.

அன்று பின்னேரம் வைத்தியசாலையில் சடலத்தை அடையாளம் காட்டிய பிறகு வாக்குமூலம் எடுத்ததும் நான்தான். "எனக்கு இரண்டு மகன்மார். மூத்தவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை" என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன்.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு கோப்பு இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மாடு விடயத்தைச் சொல்லாமல் போகவும் முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் சொன்னாலும் பரவாயில்லை. மாரி காலத்தில் வயலெல்லாம் விதைத்துவிடுவார்கள், மேய்ச்சல் தரை இல்லை, நிலமெல்லாம் ஈரம். காய்ந்து சூடாகக் கிடக்கும் தார் வீதியில்தான் கட்டாக்காலி மாடுகள் வந்து படுக்கும். இருட்டில் கறுத்த மாடு கறுத்த வீதியில் கிடந்தால் எவனுக்குக் கண் தெரியும்? மாடு களவு போனால் விடியமுன் நிலையத்துக்கு வந்து, குறிசுட்ட அடையாளம் முதல் கொம்பின் வளைவு வரை சொல்லும் சொந்தக்காரர்கள், அதே மாடு ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டால் "எங்கள் மாடு இல்லை" என்று குறியைப் பார்க்கவும் வர மாட்டார்கள். மேய்ச்சல் தரை ஒதுக்கித் தரவில்லை என்று அவர்கள் சொல்வது நியாயமான குறை, நானும் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைதான். ஆனால் இரவில் பட்டியில் அடைக்க யாருடைய அனுமதி வேண்டும்? பிரதேச சபை பிடித்துக் கட்டித் தண்டம் போட்டால், அதற்கும் ஆள் பிடித்து வந்து மாட்டை விடுவித்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தாயின் வீட்டுக்கு ஒரு மாட்டுச் சொந்தக்காரரும் செத்த வீட்டுக்கென்று வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறுகிறது.

நான் பொலிஸுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிலையங்களில் அடிவாங்கியவர்கள் இருக்கிறார்கள், காவலில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், உயர் நீதிமன்றமே பொலிஸார் தவறு செய்தார்கள் என்று தீர்ப்பளித்த வழக்குகள் இருக்கின்றன. எங்கள் சனம் காக்கியைக் கண்டு பயப்படுவது காரணமில்லாத பயம் இல்லை. அந்தப் பயத்தோடு நானும் வளர்ந்தேன். ஊரில் வயதானவர்கள் 1991இல் தொடங்கி 2009 வரை புலிகள் நடத்திய தமிழீழக் காவல்துறையோடு எங்களை ஒப்பிட்டுப் பேசுவார்கள், "அந்தக் காலத்தில் கதவு பூட்டாமல் படுத்தோம்" என்பார்கள். நான் வாதாடுவதில்லை, கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அடிவாங்கிய பெண் இரவு ஒன்பது மணிக்கு நிலையத்துக்கு வந்தால் அவளுடைய மொழியில் கேட்க ஒருத்தி அங்கே இருக்க வேண்டுமா இல்லையா? எங்கள் பிள்ளைகள் போகாவிட்டால் அந்த மேசையில் யார் இருப்பார்கள்? என்னைத் திட்டுகிறவர்கள் யாரும் இதற்குப் பதில் சொன்னதில்லை.

இந்த வேலை என்னில் செய்த மாற்றங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது சீருடையோடு போவதில்லை, சாதாரண உடுப்பில் பஸ்ஸில்தான் போகிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தாய்மார் வேலிக்கு ஓடி வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. தொலைபேசி இரவில் அடித்தால் நெஞ்சு அடிக்கும். கச்சான் வாங்குவதை விட்டுவிட்டேன். நித்திரை கெட்டுப்போன விடயத்தை மேலதிகாரி ஒருவரிடம் சொன்னபோது, "உனக்கு வேலை குறைந்துவிட்டது போல" என்றார். எங்களிடம் உட்கார்ந்து நாலு வார்த்தை கேட்க ஆளில்லை என்பது உண்மையான குறை. கேட்டால் பலவீனம் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் நாங்களும் கேட்பதில்லை.

பிறகு ஏன் இன்னும் இருக்கிறாய் என்பீர்கள். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடமைக்கு வந்து பாருங்கள். கடல்நீரில் விளக்கெரியும் கோவில் அது, எங்கிருந்தெல்லாமோ சனம் வந்து குவியும். தூக்குக் காவடி ஒரு பக்கம், பாற்செம்பு ஒரு பக்கம். அந்த நெரிசலில் தவறிப்போன பிள்ளைகளைக் கொண்டுவந்து எங்கள் கொட்டகையில் விடுவார்கள். மூக்கைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, பெயர் கேட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்வோம். தலைவிரி கோலமாகத் தாய் ஓடி வருவாள். "இந்தாங்கோ அம்மா, உங்கள் பிள்ளை" என்று கையில் கொடுப்பேன். ஒரு தாயிடம் அதைச் சொல்லக் கிடைப்பது வருடத்தில் அந்த நாளில்தான். விடிய விடிய நின்றாலும் எனக்குக் கால் நோவதில்லை.

தங்கையை மறிக்க வேண்டாம். ஆனால் போகமுன் சிங்களம் ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுதியது ஒன்று விளங்கியது ஒன்றாகிப் பழி அவளில் விழும். மோட்டார் சைக்கிள் ஓடப் பழகட்டும். கடமை முடிந்து வீட்டுக்கு வரும் நாளில் "இன்றைக்கு என்ன கேஸ்" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். குளிக்க விடுங்கள், சோற்றைப் போட்டுக் கொடுங்கள், சொல்ல வேண்டியது இருந்தால் அவளே சொல்வாள். அம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.