“21 நாளில் மேடை பயம் போகும்” என்றார்கள்: மோசடி வழக்கு போட முடியுமா?

கேள்வி: ‘21 நாளில் மேடை பயம் போகும், இல்லாவிட்டால் முழுப் பணமும் வாபஸ்’ என்ற ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து, மகனுக்காக ஒரு பெங்களூரு நிறுவனத்தின் ஆன்லைன் பயிற்சிக்கு 14,999 ரூபாய் கட்டினேன். பயன் இல்லை. பணத்தைக் கேட்டால், ‘உங்கள் பையன் முழு மனதோடு செய்யவில்லை’ என்கிறார்கள். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சகோதரி, முதலில் அவர்கள் சொன்ன அந்தப் பதிலை மனதிலிருந்து தூக்கிப் போடுங்கள். பையன் காதில் அது விழவே வேண்டாம். வாங்கியவர் மேலேயே பழி போட்டால் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ‘உனக்குள் இருக்கும் சிங்கத்தை எழுப்பு’ என்பது மாதிரி சொன்னால் அது வெறும் விளம்பரப் பேச்சு. அதை வைத்து வழக்கு நிற்காது. ஆனால் நாள் கணக்கும் பண வாபஸும் சொன்னால் அது வாக்குறுதி. 1891-இல் இங்கிலாந்தில், மூக்கில் மருந்துப் புகையை இழுக்கும் பந்து ஒன்றை விற்ற கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி, ‘இதைப் பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவோம்’ என்று விளம்பரம் செய்துவிட்டு, பிறகு அது சும்மா சொன்னது என்று வாதாடிப் பார்த்தது. அதற்காகவே வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருப்பதாக அதே விளம்பரத்தில் எழுதியிருந்ததால் வாதம் எடுபடவில்லை. காய்ச்சல் வந்த பெண்மணிக்கு 100 பவுண்டு தரவேண்டும் என்று தீர்ப்பானது.

போலீஸ் வழியை நான் முதலில் சொல்ல மாட்டேன். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 318-ஆம் பிரிவில் ஏமாற்றுக் குற்றம் நிற்க, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். சொன்னபடி செய்யவில்லை என்பது மட்டும் போதாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு அந்தச் சுமை இல்லை. பொய்யான உத்தரவாதம் கொடுத்தாலே அது தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். ‘பலன் ஆளுக்கு ஆள் மாறும்’ என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள். பெரிய எழுத்தில் சொன்னதற்கு முரணான பொறுப்புத் துறப்பைப் போடக் கூடாது என்று 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன.

முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யலாம்.

நோட்டீஸ் அனுப்பும் முன்பே, அந்த விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் விளம்பரத்தைத் தூக்கிவிடுவார்கள்.