ஔவையார் ஏன் அகப்படவில்லை?
பள்ளி நூலகம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்கள் பள்ளியில் 3,200 புத்தகங்கள் உள்ளன. இருப்புப் பதிவேட்டைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி வருகிறோம். அலமாரியில் இருக்கும் புத்தகத்தைத் தேடினாலும் 'இல்லை' என்றே வருகிறது. நூலக மென்பொருள் வாங்கினால் சரியாகிவிடுமா?
- நூலகப் பொறுப்பாசிரியை, காங்கயம்

பதில்: வாங்க வேண்டாம். எந்த மென்பொருளுக்குப் போனாலும் இந்தக் கோளாறு கூடவே வரும். பிழை தட்டச்சில் இருக்கிறது. 'ஔவையார்' என்று தேடிப் பாருங்கள். 'ஔ' என்பது ஒரே எழுத்து. பலர் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு சொல். 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போய் 'ஒளவை' என்பதை 'ஔவை' என்று மாற்றுங்கள். அவசரப்பட்டு வெறும் 'ஒள' என்று கொடுத்து மாற்றினால் 'ஒளி', 'ஒளிச்சேர்க்கை' எல்லாம் சிதைந்துவிடும்.

அடுத்தது ஆசிரியர் பெயர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர், நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அவர் பெயரை ஒரு அட்டையில் 'பெ. தூரன்' என்றும், இன்னொன்றில் 'பெரியசாமித் தூரன்' என்றும் பார்க்கலாம். அட்டையில் உள்ளபடியே ஏற்றினால் ஒரே மனிதர் இரண்டு பேராகிவிடுவார். தனித் தாளில் ஆசிரியர் பட்டியல் ஒன்று போட்டு, ஒருவருக்கு ஒரு வடிவம் என்று முடிவு செய்யுங்கள்: 'தூரன், பெ.' என்று பெயர் முன்னும் தலைப்பெழுத்து பின்னும் வந்தால் அகரவரிசை ஒழுங்காக நிற்கும். பிறகு 'டேட்டா வேலிடேஷன்' வழியாக அந்தப் பட்டியலை ஆசிரியர் பத்தியோடு (மேலிருந்து கீழாக வரும் கட்டங்கள்) இணைத்து, பட்டியலில் இல்லாததை ஏற்காதபடி வையுங்கள். புது ஆசிரியர் வந்தால் முதலில் பட்டியலில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் இந்த ஒரு கட்டுப்பாடு இல்லாத பட்டியல் ஓராண்டுக்குள் பயனற்றுப் போகும்.

இருப்பு எண், ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) பத்திகளை ஏற்றத் தொடங்கும் முன்பே 'பிளெயின் டெக்ஸ்ட்' (எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகவே வைக்கும் வடிவம்) ஆக்குங்கள். இல்லையென்றால் 0042 என்பது 42 ஆகும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் போன பூஜ்யம் திரும்பாது. ஒரே நூலில் மூன்று படி இருந்தால் மூன்று எண், மூன்று வரி. தொலைந்த நூலின் எண்ணைப் புதிய நூலுக்குக் கொடுக்கவே கூடாது.

பழைய பட்டியல் பாமினி என்னும் பழைய வகை எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள், ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

மாணவர்களுக்குப் பட்டியலைப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது வேறொரு கோப்பில் இருக்கட்டும். அதே கோப்பில் பத்தியை மறைத்து வைப்பது பாதுகாப்பல்ல.

கேள்வி: பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்காங்க. அவங்க மொழியில கதைப் புத்தகம் கிடைக்குமுங்களா?
- ஆசிரியர், திருப்பூர்

பதில்: கிடைக்கும், காசில்லாமலே. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் கதைகள் உள்ளன. மொழியையும் வாசிப்பு நிலையையும் (1 முதல் 4 வரை) தேர்ந்தெடுத்துத் தேடலாம். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்பைப் பார்த்து நிலையைத் தேர்வு செய்யுங்கள்; ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நிலை 1 தேவைப்படலாம், அதில் குறைவொன்றும் இல்லை. மொழிக்கு மொழி தலைப்பு மாறும் என்பதால் அட்டைப் படத்தை வைத்து ஒரே கதையைப் பொருத்துங்கள். திறந்த உரிமம் என்பதால் அச்சிட்டுக் கொடுக்கலாம், ஆனால் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் உள்ள பக்கத்தை விட்டுவிடக் கூடாது. ஒரு பக்கத்தைத் தமிழில் ஒரு பிள்ளையும், அதையே ஒடியாவில் இன்னொரு பிள்ளையும் உரக்க வாசிக்கட்டும். படம் ஒன்றுதான் என்பதால் மொழி தெரியாத பிள்ளைக்கும் கதை பிடிபடும். பலர் மொழிபெயர்த்தவை, தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். தமிழ் வடிவத்தையாவது முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

கேள்வி: மலைப்பள்ளி, சிக்னல் வருவதில்லை. இணையம் இல்லாமல் தமிழ் விக்கிப்பீடியா பார்க்க வழி உண்டா?
- பர்கூர்

பதில்: உண்டு, இணையம் இல்லாமலே விக்கிப்பீடியாவைக் காட்டும் கிவிக்ஸ் செயலி. அந்தியூருக்கு இறங்கும்போது செயலியையும் தமிழ் விக்கிப்பீடியாவின் 'ஜிம்' கோப்பையும் (கட்டுரைகள் எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கிக்கொள்ளுங்கள். படம் இல்லாத கோப்பு சிறியது. மெமரி கார்டு 'ஃபேட்32' என்னும் பழைய சேமிப்பு வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, கார்டில் இடம் இருந்தாலும் பிழைதான் காட்டும். 'எக்ஸ்ஃபேட்' ஆக மாற்றுங்கள். மாற்றும்போது கார்டில் உள்ளதெல்லாம் அழியும், முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: கூகுள் ஃபார்மில் வினாடி வினா அனுப்பினால் அண்ணன் தங்கை இருவரில் ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை.
- தாராபுரம்

பதில்: 'ஒரு பதில் மட்டும்' என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். அது கூகுள் கணக்கை வைத்து எண்ணுகிறது. வீட்டுக்கு ஒரே போன், ஒரே கணக்கு என்றால் இரண்டாவது பிள்ளைக்குக் கதவு அடைபடும். பெயரையும் வகுப்பையும் கட்டாயக் கேள்வியாக வைத்தால் போதும்.