ஸ்டேஷன் பக்கம் மனை: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: செட்டிநாடு ரயில் நிலையத்துக்கு அருகே, கானாடுகாத்தான் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறேன். தண்டவாளத்திலிருந்து 45 மீட்டர் தள்ளி இருப்பதால் ரயில்வே அனுமதி தேவையில்லை என்கிறார் தரகர். ஏற்கெனவே பத்திரம் பதிவான மனைதானாம். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம்.

தரகர் தண்டவாளத்திலிருந்து டேப் பிடித்திருக்கிறார். கணக்கு அங்கிருந்து தொடங்குவதில்லை. ரயில்வே நிலத்தின் எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் மனை வந்தால், கட்டட அனுமதிக்கு ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். எல்லை தண்டவாளத்துக்கு 20 மீட்டர் அப்பால் இருந்தால், உங்கள் 45 மீட்டர் மனை எல்லையிலிருந்து 25 மீட்டரில் இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய சாமர்த்தியம்.

ஸ்டேஷன் அருகில் இன்னும் கவனம் தேவை. திருச்சி–மானாமதுரை பாதை 1930 வாக்கில் மீட்டர் கேஜாக வந்தது. ஊர்களுக்கு நடுவே பாதைக்கு ஒரு பட்டை நிலம் போதும். ஸ்டேஷன் என்றால் வண்டிகள் ஒதுங்க லூப் லைன், சரக்கு இறக்க இடம், ஊழியர் குடியிருப்பு என்று அகலமாக நிலம் எடுப்பது வழக்கம். அகலப்பாதை வந்த பிறகும் அந்த நிலம் ரயில்வேயுடையதுதான். இன்று சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதைக் காட்டி, 'சும்மா கிடக்கிற புறம்போக்கு சார்' என்பார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். எல்லைக்கல்லோ, ஊன்றிய பழைய தண்டவாளத் துண்டோ தென்படலாம். கல்லே இல்லையா? அதற்காக நிம்மதி அடையாதீர்கள். பிடுங்கிப் போட ஒரு கடப்பாரை போதும்.

மனையின் சர்வே எண்ணுக்கும் பக்கத்து எண்களுக்கும் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (நிலம் யார் பெயரில், என்ன வகை என்று காட்டும் பதிவேடு) அரசின் மின்சேவைத் தளத்தில் எடுங்கள். பக்கத்து எண் ரயில்வே பெயரில் இருந்தால், தாலுகா சர்வேயரை வைத்து அளக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வில்லங்கச் சான்றை மட்டும் நீட்டினால் ஏமாறாதீர்கள். அதில் பதிவான பத்திரங்கள் தெரியும். 30 மீட்டர் தெரியாது.

அடுத்தது 'ஏற்கெனவே பதிவான மனை' என்ற வாதம். இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-ஏ பிரிவு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதைத் தடுக்கிறது. ஆனால் அதே மனை முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி பதிவு செய்யலாம் என்று விலக்கும் தருகிறது. முன்பு விவசாய நிலமாகப் பதிவாகி, இப்போது மனையாகப் பிரித்திருந்தால் இந்த விலக்கு கிடையாது. ஆகவே தாய்ப்பத்திரத்தில் 'மனை' என்று இருக்கிறதா, அளவும் நான்கெல்லையும் உங்களுக்குக் காட்டிய இடத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த விலக்கு பதிவோடு முடிந்தது. அது மனைக்கு அங்கீகாரமும் ஆகாது, வீடு கட்ட அனுமதியும் ஆகாது. பத்திரம் கையில் இருக்க, வீடு மட்டும் எழும்பாமல் நிற்பவர்களைக் கேளுங்கள்.

'ரயில்வே சான்றை நான் மதுரை கோட்ட அலுவலகத்தில் ஆள் வைத்து வாங்கித் தருகிறேன்' என்பது அடுத்த வலை. உங்களிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்பார்கள், போடாதீர்கள். மனு உங்கள் பெயரில், வரைபடத்தோடு, நீங்களே கொடுக்க வேண்டியது. அலையத்தான் வேண்டும். வருவாய்த் துறை 'ரயில்வேயைக் கேள்' என்னும். ரயில்வே 'சர்வேயர் படம் கொண்டு வா' என்னும். இரண்டு அலுவலகமும் ஒரே நாளில் ஒரே கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் முடிகிற வேலை இது. அந்த நாளை நிர்ணயிக்கத்தான் ஆள் இல்லை. தரகர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

விற்பவர் காத்திருக்கத் தயார் என்றால் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். எல்லை அளவையில் மனை குறைந்தாலோ, ரயில்வே சான்று மறுக்கப்பட்டாலோ முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இதற்கு முகம் சுளிப்பவரிடம் மனை வாங்க வேண்டாம்.